சம்பங்கியச் சுத்தி அறுபத்தி நாலு படம்

அந்தப் பச்சை பட்டனை எங்க வைக்கிறதுன்னு காலைல எட்டு மணியில இருந்து நவநீதனுக்குப் பிடிபடல. கீழ வெச்சா கட்டை விரலுக்கு வாகா இருக்கு, ஆனா பூ மேல ஏறி உக்காந்துக்குது. மேல வெச்சா பாக்க லட்சணமாத்தான் இருக்கு, ஆனா யாரு அவ்வளவு தூரம் விரல நீட்டிக்கிட்டு இருப்பா. ‘என் மண்டபத்துல வெச்சுப் பாக்கறேன்’னு அதுல எழுதியிருக்கு, அவனோட ஆப்புக்கே அதுதான் உசுரு. பூவ நீயே எடுக்கற, நீயே அடுக்கற, ரோஜா போதும் கொஞ்சம் சாமந்தி சேக்கலாம்னு நீயே மாத்தற, மாத்திட்டு அந்தப் பட்டனத் தொட்டா கேமரா தொறக்கும், நீ நிக்கிற மண்டபத்து மேடையில அந்த அலங்காரம் அப்படியே போயி நிக்கும். பக்கத்துல நடந்தா பெருசாகும், சுத்தி வந்தா முதுகுப்பக்கம் தெரியும். எப்பேர்ப்பட்ட விஷயம்! பூக்கடையில பழைய ஆல்பத்தப் புரட்டிப் புரட்டி, ‘இது மாதிரி, ஆனா இது மாதிரி இல்ல’ன்னு காத்துல கையால வரைஞ்சு காட்டிக்கிட்டு இருக்கற அத்தனை மாமியாருங்களுக்கும் இனிமே விடுதலை. பன்னெண்டு மணிக்குப் பூ மார்க்கெட்டுல சுகுமாரன் அண்ணன் கடையில இதக் காட்டணும். கோயமுத்தூருல கல்யாண மேடைன்னா பத்துக்கு நாலு அவரு அலங்காரம்தான். அவரு ‘சரி தம்பி’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, வேலைய விட்டுட்டு ஒரு வருசமா இந்த மாடி ரூமுல உக்காந்திருக்கறதுக்கு ஒரு அர்த்தம் வந்துடும். சரி, கீழயே வெச்சிடலாம். கீழ. கீழ் வீட்டுல இருந்து வந்த வாய்ஸ் மெசேஜக் கேட்டு இருவது நிமிஷம் ஆச்சு, இன்னும் பதில் போடல, மணி பத்தாகப் போவுது, நீல டிக்கு விழுந்திருக்கும், கேட்டுட்டான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பட்டனுக்கு ஒரு நிழல் குடுத்தா என்ன, லேசா, பூ மேல மிதக்கற மாதிரி.

மறுபடியும் ஒரு தடவை கேட்டான். கேக்காமயே இருந்திருக்கலாம். “நவநீ, கண்ணு, எந்திரிச்சுட்டியா? கார்வேந்தன் கப்பலு தென்னாப்பிரிக்காவுல ஏதோ துறைமுகத்துல நின்னுருச்சாமா. இப்பத்தான் பேசுனான். நெட்டு நல்லா கெடைக்குதாமா. அப்பா மூஞ்சிய ஒருக்கா பாக்கோணுமுங்கறான் சாமி. நீ அன்னைக்கு எடுத்தீல்ல, சுத்திச் சுத்தி, அத அவனுக்கு அனுப்பிச்சுடு. பதனொரு மணிக்கு மறுக்கா கூப்படறேன்னு சொல்லியிருக்கான். சேமியா கிண்டியிருக்கறேன், வந்து வாங்கிட்டுப் போ.” அவ்வளவுதான், முப்பத்தெட்டு செகண்டு. கடைசில கரண்டிய சட்டி விளிம்புல தட்டற சத்தம் வேற. மரகதம்மாதான் வீட்டு ஓனரம்மா. அவங்களுக்கு முட்டி வலி, பதினெட்டு படி ஏற மாட்டாங்க, அதனால தண்ணி வந்துருச்சுன்னாலும் மெசேஜு, கொடியில துணி நனையுதுன்னாலும் மெசேஜு, இந்த ரெண்டு வருசத்துல ஒரு ஆயிரம் மெசேஜு கேட்டிருப்பான். எல்லாத்துக்கும் அடுத்த நிமிஷமே ‘சரிங்மா’ன்னு போட்டுடுவான். இன்னைக்கு அந்த ஒரு வார்த்தைக்கு விரல் போக மாட்டேங்குது. ஏன்னா அவங்க கேக்கற படம் அவன்கிட்ட இல்ல. சுத்திச் சுத்தி எடுத்தது நெஜம். மூணு சுத்து. அறுபத்தி நாலு படம். அறுபத்தி நாலுலயும் பூவுதான் இருக்கு. அந்த மனுசன் மூஞ்சி ஒண்ணுல கூட இல்ல, தப்பித் தவறிக்கூட இல்ல, தப்பித் தவறி விழுந்துடக் கூடாதுன்னு அவ்வளவு கவனமா எடுத்தான், அந்தக் கவனத்த நெனச்சாத்தான் இப்ப காது ரெண்டும் சுடுது.

இருவத்தி மூணு நாளைக்கு முன்னாடி காலைல ஆறு மணிக்கு மரகதம்மா வீட்டுக்காரரு நாச்சிமுத்து ஐயா பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த சேர்லயே சாஞ்சு போயிட்டாரு. மில்லுல முப்பத்தி ரெண்டு வருசம் ஃபிட்டரா இருந்த மனுசன், அவருக்கு கட்டை விரல் அவ்வளவு காய்ச்சுப் போயிருக்கும், இவன் ஆப்ப ஒரு நாள் குடுத்து தொட்டுப் பாருங்கன்னா அது அசையவே இல்ல. “என்னைய ஒரு மனுசனாவே மதிக்க மாட்டேங்குதே உம்பட போனு”ன்னு சிரிச்சாரு. அவருக்காகத்தான் அந்தப் பச்சை பட்டன இவ்வளவு பெருசு பண்ணினதே. அதெல்லாம் பண்ணத் தெரிஞ்சுது. ஒரே பையன் கார்வேந்தன் கப்பல்ல என்ஜினியரு, அன்னைக்கு நடுக்கடல், ரெண்டு வரி மெசேஜு போறதே பெரும்பாடு. யாருக்காக வெச்சிருக்கறதுன்னு அன்னைக்கே எடுத்துடறதா முடிவு பண்ணிட்டாங்க. மரகதம்மாவோட தம்பி சத்தியமங்கலத்துல சம்பங்கித் தோட்டம் வெச்சிருக்காரு, அன்னைக்குப் பறிச்ச மொத்தத்தையும் மார்க்கெட்டுக்கு அனுப்பாம வேன்ல போட்டுக் கொண்டாந்துட்டாரு. மாலை கட்டவும் நேரமில்ல, கட்டற மனசும் யாருக்கும் இல்ல. அள்ளி அள்ளி அப்படியே வெச்சாங்க. ரெண்டு பக்கமும் சரிஞ்சு எறங்கற மாதிரி, தலைமாட்டுல உசரமா, தோளுகிட்ட ஒடைஞ்சு, கால்மாட்டுல வழிஞ்சு. நடுவுல நடுவுல தெருக்காரங்க கொண்டாந்த மஞ்ச சாமந்தி ஒண்ணு ரெண்டு. யாரும் யோசிச்சுப் பண்ணல, அதனாலயே எந்த அலங்காரக்காரனுக்கும் வராத ஒரு அழகு அதுக்கு வந்துருச்சு. மேல ஷாமியானா வெள்ளைத் துணி, வெயிலு அது வழியா வடிஞ்சு நெழலே இல்லாம எறங்குது. நவநீதன் மாலையோட வந்து நின்னான். நின்னவனுக்கு மொதல்ல தோணுனது என்னன்னா, ஐயோ என்ன வெளிச்சம்.

அதுதான். யாருகிட்டயும் சொல்ல முடியாதது அதுதான். ஐயோன்னு மனசு சொன்னது செத்தவருக்கு இல்ல, வெளிச்சத்துக்கு. ஆப்புக்குப் பூ அலங்காரத்த முழு உருவமா ஏத்தணும்னா ஒரு வழி இருக்கு, அதச் சுத்தி நடந்து கொஞ்சம் கொஞ்சம் தள்ளி அறுவது எழுவது படம் எடுத்து உள்ள போட்டா கம்ப்யூட்டரு அத்தனையையும் ஒட்டி, எல்லாப் பக்கமும் இருக்கற ஒரு முழு உருவமா எழுப்பிடும். எழுப்பிடும், சே, என்ன வார்த்தை இது. ஆனா ஒரே ஒரு கண்டிசன், அந்தப் பொருளு அசையக் கூடாது. பூக்கடையில எடுத்தா ஃபேன் காத்துக்கு இதழ் ஆடுது, கல்யாண மண்டபத்துல எடுத்தா எவனாவது செல்ஃபிக்கு நடுவுல வந்து நிக்கறான், ஆறு மாசமா ஒண்ணு கூட ஒழுங்கா தேறல. அன்னைக்கு அங்க எதுவுமே அசையல. போன எடுத்துட்டான். ஒரு நாலஞ்சு எடுத்துட்டு விட்டுடலாம்னுதான் எடுத்தான், சத்தியமா. ஆனா மரகதம்மா தலைய நிமுத்திப் பாத்தாங்க. பாத்துட்டு, பக்கத்துல போன தூக்கிப் புடிச்சுக்கிட்டிருந்த சொந்தக்காரங்களப் பாத்து, “நீங்கல்லாம் போன உள்ள வையுங்க, நவநீ எடுக்கறான், அவனுக்கு நல்லா எடுக்கத் தெரியும், கார்வேந்தனுக்கு அனுப்பறக்கு எடுக்கறான், வழி உடுங்க”ன்னாங்க. எல்லாரும் போன உள்ள வெச்சாங்க. வழி விட்டாங்க. ஒரு பெரியவரு நாற்காலிய இழுத்து ஓரமாப் போட்டாரு, இவன் சுத்தி வர்றதுக்கு. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லீங்மா, அதுக்கில்லீங்மான்னு ரெண்டு வார்த்தை. சொல்லல, தலையாட்டுனான். ஆமாம்னு ஆட்டுனானா, சும்மா ஆட்டுனானா, இப்ப யோசிச்சுப் பாத்தா தெரியல. தெரியலங்கறதும் பொய்யி, ஆமாம்னுதான் ஆட்டுனான்.

ரெண்டாவது சுத்துல அவங்க எந்திரிச்சு வந்தாங்க. வந்து, தாடை வரைக்கும் ஏறியிருந்த சம்பங்கிய கையால ஒதுக்கி விட்டாங்க, பையனுக்கு மூஞ்சி நல்லாத் தெரியட்டும்னு. ஒரு கொத்து சரிஞ்சுது. முப்பது படம் எடுத்தாச்சு, நடுவுல பூ எடம் மாறிட்டா எல்லாம் வீணு. “பூவத் தொடாதீங்மா”ன்னுட்டான். சத்தமா இல்ல, ஆனா வெடுக்குன்னு, சாவிக்கொத்த எடுக்கற கொழந்தைய அதட்டற மாதிரி. அவங்க கைய எடுத்துட்டாங்க. “செரி கண்ணு, செரி”ன்னு பின்னால போயி ஒக்காந்துக்கிட்டாங்க. புருசன் மூஞ்சிகிட்ட இருந்து அந்தக் கைய எடுத்துட்டாங்க, இவன் சொன்னான்னு. இவன் மூணாவது சுத்தும் முடிச்சான். பூவத் தொடாதீங்மா. குளிக்கறப்ப வருது இது, பல்லு வெளக்கறப்ப வருது, போன வாரம் பேக்கரியில டீ குடிச்சுக்கிட்டிருந்தப்ப பக்கத்துல ஒருத்தன் தேங்காய் பன்ன தொட்டுப் பாக்க, கடைக்காரரு “தொடாதீங்க”ன்னாரு, நவநீதன் அப்படியே டம்ளர வெச்சுட்டு வெளிய வந்துட்டான். ஆனா வந்தவன் என்ன பண்ணினான், ரூமுக்கு வந்து லேப்டாப்பத் தொறந்து அதே பூவ வெட்டி ஒட்டி சரி பண்ணினான். வெக்கமும் வந்துது, வேலையும் நடந்துது. ரெண்டும் ஒரே கையால நடக்குங்கறதுதான் அவனுக்கு அவனப் பத்தித் தெரிஞ்ச புது சங்கதி. அந்த அலங்காரத்துக்கு ‘வெண்பட்டு’ன்னு பேரு வெச்சான். நடுவுல மூஞ்சி இருந்த எடம் ஓட்டையா வந்துது, படம் இல்லாததால. ஓட்டை இருந்தா பக்கத்துப் பூவ எடுத்து தானா நெரப்பிக்கற மாதிரி அவனே ஒரு வசதி எழுதியிருந்தான், அது ஓடுச்சு, மஞ்ச சாமந்தியா எடுத்து நெரப்பிக்கிச்சு. என்ன அழகா நெரப்பியிருக்குன்னு அப்ப கைய தட்டுனான். தனியா, ரூமுல.

போனு அடிச்சுது. மரகதம்மா இல்ல, சுகுமாரன் அண்ணன். “தம்பி, பன்னெண்டுன்னு சொன்னமே, பதனொன்னே முக்காலுக்கு வந்துடறியா? ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க, நேத்து நீ அனுப்புன வெள்ளை இருக்குதுல்ல, அதக் காட்டுனேன், அந்தப் புள்ள புடிச்சா ஒரே புடியா புடிச்சுக்கிச்சு, ரிசப்சனுக்கு அதுவேதான் வேணுமாமா.” நவநீதன் “அதுங்களாண்ணா”ன்னான். “அதேதான். இருவத்தஞ்சு வருசமா பூவுல கெடக்கறேன், சம்பங்கிய இப்படி ஒருத்தன் சரிய உட்டு நான் பாத்ததில்ல. யாரு பண்ணுனது?” “தெரிஞ்சவங்க வீட்டுல பண்ணுனதுங்ணா.” “என்ன விசேசம்?” “வீட்டு விசேசந்தானுங்ணா.” “நடுவுல மட்டும் என்ன தம்பி, சாமந்திய ஒரே கூடையா கொட்டி வெச்சிருக்கே? யாரையோ ஒக்கார வெக்கறக்கு எடம் உட்டுட்டு அப்பறம் ரொப்புன மாதிரி இருக்குது. அத எடுத்துட்டு அங்க பொண்ணு மாப்பிள்ளைக்கு சோபாவப் போட்டுக் காட்டு, ஜம்முனு இருக்கும்.” சரிங்ணான்னு வெச்சுட்டான். வெச்ச பெறகும் போன காதுலயே வெச்சுக்கிட்டிருந்தான். கீழ குழாய்ல தண்ணி விழற சத்தம், அவங்க எதையோ கழுவறாங்க, பதினொண்ணுக்கு மகன் கூப்புடுவான்னு வேலையெல்லாம் முடிச்சு வெக்கறாங்க போல. அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது, அது சிரிச்சுக்கிட்டு அந்தச் சரிவுக்கு நடுவுல உக்காரும், ஃபோட்டோ எடுப்பாங்க, அதுக்கு ஒண்ணும் ஆவாது, பூவுக்கு என்ன தெரியும், ரோஜா மாலை கல்யாணம், எழவு ரெண்டுக்குந்தான போவுது. இப்படியெல்லாம் நியாயம் பேசுச்சு மனசு. மணி பத்து இருவது.

ஒரு வழி இருக்கு. இருக்குங்கறது காலைல மெசேஜக் கேட்ட ஒடனயே தெரிஞ்சுது, தெரியாத மாதிரி பட்டன நகத்திக்கிட்டிருந்தான், அவ்வளவுதான். தெருமுனையில கட்டுன கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸோட படம் போன்ல கெடந்துது. அதுல நாச்சிமுத்து ஐயா இருக்காரு, மில்லு அடையாள அட்டைக்கு எடுத்த மூஞ்சி, பத்து வருசம் சின்னவரு, மீசை கருப்பு. நவநீதன் அத வெட்டுனான். மீசைய நரைக்க வெச்சான். கன்னத்தக் கொஞ்சம் எறக்குனான். சாமந்திய எடுத்துட்டு அந்த ஓட்டையில வெச்சான், வெளிச்சத்த மேல இருந்து குடுத்தான், ஒரு சம்பங்கியோட நெழல தாடையில விழ வெச்சான். கண்ணு மட்டும் தொறந்திருந்துது. அதுக்கும் இப்ப வசதி இருக்கு, இமைய எறக்கலாம், ஒரு கோட்ட விரலால இழுத்தா போதும். இழுத்தான். எறங்குச்சு. அப்படியே அச்சு அசலா வந்துருச்சு! நம்பவே முடியாது, யாரு பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது, தோளுல பூ சரிஞ்ச எடத்துல கழுத்து எவ்வளவு இயல்பா சேருது பாரு, பதினேழே நிமிஷம், அவனுக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, நாற்காலியில இருந்து பாதி எந்திரிச்சுட்டான், யாருக்காவது இதக் காட்டணும் போல இருந்துது. அப்பத்தான் ஸ்க்ரீன்ல இருந்த மூஞ்சிய மூஞ்சியாப் பாத்தான். ஒரு மனுசன் கண்ண இவன் ஒரு விரலால மூடி விட்டுட்டு, சந்தோசப்பட்டுக்கிட்டு நிக்கறான். கப்பல்ல ஒருத்தன் இதப் பாத்து அழுவான். பிரிண்டு போட்டு செவுத்துல மாட்டுவான். மாசா மாசம் இதுக்கு முன்னாடி வெளக்கு வெப்பாங்க. வருசம் பூரா இந்தப் பதினேழு நிமிஷத்துக்கு வெளக்கு வெப்பாங்க. நவநீதன் மெதுவா உக்காந்தான். சேமிக்கவான்னு கேட்டுது, வேண்டாம்னான். அடுத்து ‘வெண்பட்ட’ அமுத்திப் புடிச்சு குப்பைத் தொட்டிக்கு இழுத்தான். இழுத்தா ஒரு பெட்டி வந்துது, ‘அச்சச்சோ! இவ்வளவு அழகான பூவ வேண்டாங்கறீங்களா?’ன்னு. அவன் எழுதுனதுதான். செல்லமா இருக்கட்டும்னு ரெண்டு நாள் யோசிச்சு எழுதுனது. ஒரு சோகமான ரோஜாப் பூ வேற தலையக் குனிஞ்சு நிக்குது. ஆமாம்னு தொட்டான். சுகுமாரன் அண்ணனுக்கு என்ன சொல்றது, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அவரு என்ன சொல்லுவாரு, ஒரு வருசம் போச்சா, போனா போவட்டும், அத அப்பறம் பாக்கலாம், அத நெனைக்கறதுகூட இதுல இருந்து தப்பிக்கற வழிதான். பத்து அம்பது.

பதினெட்டு படி. போனு கெட்டுப் போச்சுன்னு சொல்லலாம். மெமரி கார்டுன்னு சொல்லலாம். ஒம்பதாவது படியில நின்னான். தண்ணியில விழுந்துருச்சுன்னா யாரு வந்து சோதிக்கப் போறா. இந்த ஒரு வருசத்துல எத்தனை பட்டனுக்கு எத்தனை வார்த்தை எழுதியிருக்கான், எல்லாத்துக்கும் சுருக்கமா, இனிப்பா ஒரு வார்த்தை கெடைச்சுது, இதுக்கு ஒண்ணும் கெடைக்கல. எறங்கிட்டான். மரகதம்மா சாப்பாட்டு மேசையில போன ஒரு சொம்பு மேல சாய்ச்சு வெச்சுட்டு, தலை வாரி, வேற சீலை கட்டி உக்காந்திருந்தாங்க. “வா நவநீ. அனுப்பிச்சுட்டியா? நான் பாக்கவே இல்ல, அவன் பாத்த பொறவு பாத்துக்கலாமுன்னு இருக்கறேன்.” “அம்மா, அன்னைக்கு நான் ஐயாவ எடுக்கலீங்மா.” “பின்ன?” “பூவ எடுத்தேன்.” “பூவயா?” “எம்பட ஆப்புக்கு வேணுமுன்னு. பூவ மட்டுந்தானுங்மா.” அவங்க அவனையே பாத்தாங்க, கணக்குல எங்கயோ தப்பு வந்த மாதிரி. “மூஞ்சி?” “அது உள்ள வந்துடாம பாத்துப் பாத்து எடுத்தேனுங்மா.” சொல்லிட்டான். சொல்லிட்டா லேசாகும்பாங்களே, ஒண்ணும் ஆகல. கல்லு கையில இருந்து மடிக்கு மாறுச்சு, அவ்வளவுதான். அவங்க ரொம்ப நேரம் மேசை விரிப்போட ஓரத்த நீவிக்கிட்டே இருந்தாங்க. “அத்தன பேரையும் எடுக்க வேண்டாமுன்னேனே”ன்னாங்க. அவன்கிட்ட இல்ல, அவங்ககிட்டயே. திட்டியிருக்கலாம். செருப்பக் கழட்டியிருந்தாக்கூட வாங்கிட்டு நிம்மதியா நின்னிருப்பான். அதுக்குள்ள சொம்பு மேல போனு கிணுகிணுன்னு ஆடுச்சு.

வெயில் அடிக்கற ஒரு இரும்புச் செவுரு, அதுக்கு முன்னாடி கார்வேந்தன் அண்ணன், காக்கிக் கலருல முழு உடுப்பு, மொட்டையடிச்ச தலையில முடி அரை இஞ்சு மொளைச்சிருக்கு. கப்பல்லயே அடிச்சிருக்காரு போல, தனியா. “அம்மா, சாப்பிட்டியா?” “ஆச்சு கண்ணு. நீ?” “ஆச்சு. நவநீ அனுப்பறேன்னானா?” மரகதம்மா ஒரு நொடி நவநீதனப் பாத்தாங்க. அவனுக்கு கை தன்னால கும்புடற மாதிரி ஒண்ணு சேந்துது. “அவன் போனு தண்ணிக்குள்ள உழுந்து எல்லாம் அழிஞ்சு போச்சாமா கண்ணு. பாவம், வந்து நின்னு அழுவறான்.” அவன் அழல. தண்ணிக்குள்ளன்னு அவனே நெனச்ச அதே பொய்யி, அவங்க வாயில இருந்து வருது, அவங்க மகனுக்காக வருதா இவனுக்காக வருதான்னு தெரியல. “அவன்கிட்ட குடும்மா.” போனு கைக்கு வந்துது. “நவநீ, டேய், போனு போனா போவுதுடா. நீ எதுக்கு அழுவற. நான் இருக்க வேண்டிய எடத்துல நீ நின்ன. மூணு சுத்து சுத்துனியாமா, அம்மா அன்னைக்கே மெசேஜ் போட்டாங்க, எம்பட சொந்தக்காரன் எவனும் அப்படிச் சுத்தலன்னு.” “அண்ணா…” “படம் வேண்டாம் உடு. நீ கிட்டத்துல பாத்தீல்ல, நீ சொல்லு. மூஞ்சி எப்படி இருந்துச்சு? வலியோட போன மாதிரி இருந்துச்சா?”

தூங்கற மாதிரி இருந்தாருங்ணா. அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துருச்சு, எல்லா எழவு வீட்டுலயும் எல்லாரும் சொல்றது, சொன்னா யாருக்கும் நட்டமில்ல, கேக்கறவனும் அதத்தான் எதிர்பாக்கறான். நவநீதன் வாயத் தொறந்தான். தொறந்துட்டு ஞாபகத்துல தேடுனான், அன்னைக்கு ஷாமியானாவுக்குக் கீழ, ஒவ்வொரு சுத்தா, ஒவ்வொரு அடியா. சம்பங்கிக் காம்பு எங்க எங்க ஒடைஞ்சிருந்துச்சுன்னு தெரியுது. எந்தச் சாமந்தியில ஒரு எறும்பு இருந்துச்சுன்னு தெரியுது. பூவு முடியற எடத்துல ஞாபகமும் முடிஞ்சு போவுது. அங்க ஒண்ணுமே இல்ல. படத்துல வராம மட்டும் இல்ல, அவன் கண்ணே அந்தப் பக்கம் போகல. மூணு சுத்து சுத்தியிருக்கான், ஒரு தடவை கூட. “நான் பாக்கலீங்ணா.” “என்னடா?” “ஐயா மூஞ்சிய நான் பாக்கவே இல்லீங்ணா. பக்கத்துலயே நின்னேன். பாக்கல.” திரையில கார்வேந்தன் அண்ணன் புரியாம கண்ணச் சுருக்குனாரு. மரகதம்மா கைய நீட்டுனாங்க. “குடு இங்க.”

வாங்கி, சொம்பு மேல வெக்காம, ரெண்டு கையாலயும் மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டாங்க. “அவனுக்கென்ன தெரியும், நான் சொல்றேன் கேளு. வலியெல்லாம் இல்ல கண்ணு. கோவமா இருந்தாரு. பேப்பரப் படிச்சுட்டு யாரையோ ரெண்டு கேக்கப் போற மாதிரி உதட்ட இப்படி வெச்சிருந்தாரு, அது கடைசி வரைக்கும் மாறல. மீசையில எடது பக்கம் நாலு முடி நட்டுக்குத்தா நின்னுட்டு இருந்துச்சு, நானும் தண்ணிய தொட்டு தொட்டு படிய வெக்கறேன், படியவே மாட்டேனுருச்சு. மூக்குல கண்ணாடி அழுத்துன தடம் ரெண்டு பக்கமும் செவப்பா அப்படியே இருந்துச்சு.” கார்வேந்தன் அண்ணன் மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும் வந்துது. நவநீதன் வாசப்படிகிட்ட போறதா நிக்கறதான்னு தெரியாம நின்னான். போகச் சொல்லல, உக்காரவும் சொல்லல. “அப்பறம் நெத்தியில காசு வெப்பாங்கல்ல,” மரகதம்மா தொடர்ந்து சொன்னாங்க, “அதுக்குப் பக்கத்துல அந்தத் தழும்பு. நீ ரெண்டாவது படிக்கறப்ப டார்ச் லைட்ட வீசி அடிச்சீல்ல, அது.” “அது இன்னும் இருந்துச்சாம்மா?” “ஏன் இல்லாம? வெள்ளையா, அரிசி மணியாட்ட.” சொல்லிக்கிட்டே அவங்க நெத்தியில ஒரு விரல வெச்சுக் காட்டுனாங்க. திரையில அவரு விரலும் அவரு நெத்திக்குப் போச்சு. ரெண்டு வருசம் மேல் வீட்டுல குடியிருந்தவன், தெனமும் ரெண்டு வேளை அந்த மூஞ்சியத் தாண்டி படியேறுனவன், தன்னையறியாம தன்னோட புருவத்துக்கு மேல தொட்டுப் பாத்தான். மரகதம்மா தலையத் திருப்பிப் பாத்தாங்க. “அங்க இல்ல,” அப்படின்னாங்க, “இன்னும் கொஞ்சம் மேல.”